முப்பட்டம் வென்ற குறுங்கை வீரர்
ஹென்றி ஆம்ஸ்ட்ராங் வாழ்க்கை வரலாறு

குத்துச்சண்டை என்றதும் நம்முள் பலர் முகம் சுளிப்பதுண்டு. இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் முரட்டு விளையாட்டில் கலை ஏது, கல்வி ஏது என்று கேட்பாரும் உளர். எட்ட நின்று அளந்து அடிப்பவரையேனும் வித்தை தெரிந்தவர் என்று ஒப்புக்கொள்ளும் அவர்கள், உடலோடு உடல் உரச நெருங்கி நின்று குத்துபவரைக் கண்டால், அது வெறும் கைகலப்பு என்றே முடிவு கட்டிவிடுவர். அம்முடிவு பிழையானது என்பதைத் தம் வாழ்க்கையால் மெய்ப்பித்துக் காட்டியவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின வீரர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். அவர் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறோம்.

தமிழர்க்குக் குத்துச்சண்டை புதிதன்று. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனக் குடிவழிபோலவே குத்துச்சண்டைக் குழுக்கள் தழைத்திருந்தன என்பதை முதியோர் அறிவர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தின் பின் இளையோரும் அறிவர். நாம் வாழும் இம்மாநகரும் அக்கலைக்கு அயலன்று. இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைச் சம்மேளனம் 1949இல் தோன்றியபின், முதல் தேசியப் போட்டி 1950இல் இங்குள்ள பிரபோர்ன் மைதானத்திலேதான் நடைபெற்றது. இன்று தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் கையுறை அணிய ஆவல் கொள்கின்றனர்; பெற்றோர் தயங்குகின்றனர். அந்த ஆவலும் இந்தத் தயக்கமும் இரண்டுமே நியாயமானவை என்பதை ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை நமக்குக் காட்டும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில், கொலம்பஸ் என்னும் ஊரில், 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் ஹென்றி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹென்றி ஜாக்சன். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. கறுப்பின மக்கள் பள்ளியிலும் வண்டியிலும் உணவு விடுதியிலும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆகவே, பிழைப்பு நாடி அக்குடும்பம் வடக்கேயுள்ள செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஊரை விட்டு வந்து தொழில்நகரில் வேரூன்றிய குடும்பத்தின் கதை நமக்கு விளக்க வேண்டுவதொன்றன்று.

சிறு வயதிலேயே அன்னையை இழந்த ஹென்றியைப் பாட்டியார் வளர்த்தார். வறுமையிலும் அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். பின்னர் இருப்புப்பாதை செப்பனிடும் கூலிவேலையில் சேர்ந்தார். கடப்பாரையும் சம்மட்டியும் அவர் தோளுக்கு உரமூட்டின. ஒருநாள், கியூபா நாட்டு வீரர் கிட் சாக்லெட் ஒரே பந்தயத்தில் பல்லாயிரம் டாலர் ஈட்டிய செய்தியை நாளேட்டில் கண்டார். தாமும் குத்துச்சண்டை வீரராவது என அன்றே உறுதிகொண்டார் என்பர்.

தோல்வியில் தொடங்கிய தொழில்

எண்ணியது எளிதில் கைகூடவில்லை. 1931ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பணத்துக்காக ஆடிய முதற்பந்தயத்திலேயே, மூன்றாம் சுற்றில் வீழ்த்தப்பட்டார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பயிற்சியளித்த நண்பர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்குடன் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தார். அந்நண்பரின் பெயரையே தம் பெயராகவும் ஏற்றுக்கொண்டார். பகலில் தெருவோரம் காலணிக்கு மெருகிட்டுப் பிழைத்தார். எஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்தார். 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் இடம்பெற முயன்று தோற்றார். மீண்டும் தொழில்முறைப் பந்தயத்துக்கே திரும்பினார்.

அவருடைய உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலமே. எட்ட நின்று ஆடும் நெடிய வீரருடன் அவரும் எட்டவே நின்றால், எதிரியின் குத்து இவரைத் தொடும். இவர் குத்து எதிரியைத் தொடாது. இக்குறையை நன்குணர்ந்த ஆம்ஸ்ட்ராங், தமக்கேற்ற முறை ஒன்றைத் தேர்ந்துகொண்டார். எதிரியின் நீண்ட கைகளுக்கு உட்புறம் புகுந்து, அங்கேயே தங்கிப் போரிடுவதே அம்முறை.

நெருங்கிப் போரிடும் கலை

இக்கலையின் நுட்பத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். நீண்ட கைக்கு வலிமை தருவது அது வீசப்படும் தூரம். அத்தூரத்தை அழித்துவிட்டால் நீண்ட கை பயனற்றுப் போகும். மாலை வேளையில் தாதர் நிலையத்தில் மின்ரயில் ஏறிப் பழகிய நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அந்நெரிசலில் கையை நீட்டுபவன் நிலைகுலைவான். முழங்கையை விலாவோடு ஒட்டி, காலை ஊன்றி, தோளால் வழிகாண்பவனே உள்ளே சேருவான்.

உள்ளே புகுவதே முதற்பாடம். நேராக ஓடிப் புகுபவன் எதிரியின் குத்தை முகத்தில் வாங்குவான். ஆம்ஸ்ட்ராங் முழங்காலை மடித்து, தலையைத் தாழ்த்தி, கைகளை முகத்தின் முன் குறுக்கே மடக்கி, பக்கத்துக்குப் பக்கம் அசைந்தசைந்து முன்னேறுவார். எதிரியின் குத்து தலைக்கு மேலாகவோ தோளருகிலோ கழியும். அந்நொடியில் இவர் உள்ளே இருப்பார்.

புகுந்தபின் தங்குவது இரண்டாம் பாடம். நெற்றியை எதிரியின் தோளிலோ மார்பிலோ பதித்துக்கொள்வார். அங்கே தலைக்கு நேராக வலுவான குத்து விழுவது அரிது. அன்றியும், எதிரியின் உடற்பாரம் எக்காலில் நிற்கிறது, எக்கை எழப்போகிறது என்பதைக் கண்ணால் காணாமலே தொடுவுணர்வால் அறியலாம். இருவர் கைகளும் பின்னும்போது எவர் கை உட்புறம் இருக்கிறதோ, அவருக்கே குத்துவதற்கு வழியுண்டு. ஆகவே, உட்புற இடத்தைப் பிடிப்பதற்காகவே கைகள் ஓயாது போராடும்.

மூன்றாம் பாடம் குத்து. ஓரடி இடைவெளியில் கையை ஓங்க இடமேது? அங்கே வலிமை கையிலிருந்து பிறப்பதில்லை. ஊன்றிய காலில் எழுந்து, இடுப்பின் திருப்பத்தில் வளர்ந்து, மடங்கிய முழங்கை வழியாக வெளிப்படும். விலாவை நாடும் ஹூக் என்னும் வளைகுத்தும், தாடையை நாடும் அப்பர்கட் என்னும் எழுகுத்தும் அவ்விடத்திற்குரிய கருவிகள். இடம் போதாவிடில் தோளால் மெல்ல நெருக்கி அரையடி இடம் உண்டாக்கி, அவ்விடத்திலேயே குத்துவார்.

எங்கே குத்துவது என்பது நான்காம் பாடம். வயிற்றிலும் விலாவிலும் விழும் குத்து பெரும்பாலும் உடனே வீழ்த்தாது. ஆனால் மூச்சை வாங்கும். மூச்சு குறையக் கால் தளரும். வலிக்கும் விலாவைக் காக்கக் கை தாழும். கை தாழத் தாடை திறக்கும். முற்சுற்றுகளில் விதைத்ததைப் பிற்சுற்றுகளில் அறுப்பது இம்முறை. மூன்று நிமிடம் கொண்ட பதினைந்து சுற்றுகளிலும் ஓயாது இதைச் செய்ய எத்துணை மூச்சு வேண்டும்! அதற்கெனவே, பந்தயம் தொடங்குமுன் அறையிலேயே நெடுநேரம் நிழற்குத்துப் பழகி, உடல் சூடேறி வியர்வை வழியவே ஆம்ஸ்ட்ராங் மேடையேறுவார்.

மூன்று பட்டங்கள்

1937ஆம் ஆண்டில் மட்டும் 27 பந்தயங்களில் ஆடி 27லும் வென்றார். அவற்றுள் 26 வெற்றிகளில் எதிரி இறுதிச் சுற்றுவரை நிற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் பீட்டி சாரனை ஆறாம் சுற்றில் வீழ்த்தி, 126 ராத்தல் எல்லையுள்ள பெதர்வெயிட் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார்.

அடுத்து அவர் எடுத்த முயற்சி கண்டு உலகமே வியந்தது. இடையிலுள்ள லைட்வெயிட் பிரிவையும் தாண்டி, 147 ராத்தல் எல்லையுள்ள வெல்டர்வெயிட் பட்டத்துக்குப் போட்டியிட்டார். எடையைக் கூட்டுவதற்காகத் தண்ணீரும் பீரும் நிரம்பக் குடித்தார் என்பர். 1938 மே 31ஆம் நாள் பட்டவீரர் பார்னி ராஸின் எடை 142 ராத்தல். ஆம்ஸ்ட்ராங்கின் எடை 133½ ராத்தல். பெரியவரைச் சிறியவர் பதினைந்து சுற்றும் விடாது நெருக்கினார். நொந்து சோர்ந்தும் விழ மறுத்து நின்ற ராஸின் வீரத்தை மதித்து, இறுதிச் சுற்றுகளில் தம் கையைச் சற்று அடக்கிக்கொண்டதாக ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் தெரிவித்தார். ராஸ் அதன்பின் மேடையேறவில்லை.

அவ்வாண்டே ஆகஸ்ட் 17ஆம் நாள், 135 ராத்தல் லைட்வெயிட் பட்டத்துக்காக லூ ஆம்பர்ஸை எதிர்கொண்டார். இரு முறை ஆம்பர்ஸ் தரையில் வீழ்ந்தும் எழுந்து போரிட்டார். ஆம்ஸ்ட்ராங்கின் வாயினுள் ஆழமான காயம். மேடையில் சிந்தும் குருதியைக் கண்டு நடுவர் பந்தயத்தை நிறுத்திவிடுவாரோ என அஞ்சி, அவர் குருதியை விழுங்கிக்கொண்டே ஆடினார். நடுவர்களுள் கருத்து வேறுபட்டபோதிலும் பெரும்பான்மைத் தீர்ப்பு அவருக்கே கிடைத்தது. அந்நாளில் குத்துச்சண்டையில் எட்டே எடைப்பிரிவுகள். அவற்றுள் மூன்றின் உலகப் பட்டங்களை ஒரே வேளையில் அவர் தாங்கினார். 1940 மார்ச்சில், 160 ராத்தல் மிடில்வெயிட் பிரிவிலும் பிலிப்பைன் வீரர் செபரினோ கார்சியாவை எதிர்த்து ஆடிச் சமநிலை கண்டார். நான்காம் பட்டம் மயிரிழையில் தப்பியது.

நடுவர் காணாத இடம்

இனிக் கூறப்போவது கசப்பானது, ஆயினும் மறைத்தற்குரியதன்று. இருவர் நெருங்கிப் பின்னி நிற்கும் இடத்தில் நடுவர் கண் எளிதில் நுழையாது. தலையால் முட்டலாம், முழங்கையால் இடிக்கலாம், இடுப்புக்குக் கீழே குத்தலாம். வேண்டுமென்றே செய்தது எது, தவறி விழுந்தது எது என்று பிரித்தறிதலும் அரிது. ஆதலால், நெருங்கிப் போரிடும் வீரனுக்குக் கையடக்கத்தைக் காட்டிலும் மன அடக்கம் மிகுதியாக வேண்டும்.

1939 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஆம்பர்ஸுடன் நடந்த மறுபோட்டியில், இடுப்புக்குக் கீழே குத்தினார் என்பதற்காக ஐந்து சுற்றுகள் ஆம்ஸ்ட்ராங்குக்கு எதிராகக் கழிக்கப்பட்டன. லைட்வெயிட் பட்டம் கைநழுவியது. எந்த நெருக்கம் அவருக்குப் பட்டங்களைத் தந்ததோ, அதே நெருக்கத்தில் நேர்ந்த வரம்புமீறல் ஒரு பட்டத்தைப் பறித்தது. பெதர்வெயிட் பட்டத்தை முன்னரே விட்டுக்கொடுத்திருந்தார். எஞ்சியது வெல்டர்வெயிட் ஒன்றே. அதனை 1939 அக்டோபரில் மட்டும் ஐந்து முறை களமிறங்கிக் காத்தார்.

தாழ்வும் எழுச்சியும்

இடைவிடாத பந்தயங்கள் உடலைத் தேய்த்தன. கண்ணிமைகளில் பழைய தழும்புகள் எளிதில் பிளந்தன. 1940 அக்டோபர் 4ஆம் நாள் பிரிட்ஸி ஜிவிக் என்பவரை எதிர்த்தார். விதிகளை வளைப்பதில் பேர்பெற்ற ஜிவிக், தலைதாழ்த்தி வரும் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்ற மாற்றையும் அறிந்திருந்தார்: நெருங்கி வரும் தலையை எழுகுத்தால் எதிர்கொண்டார். கண்கள் வீங்கி மூடிய நிலையில் ஆம்ஸ்ட்ராங் கடைசிப் பட்டத்தையும் இழந்தார். 1941 ஜனவரியில் நடந்த மறுபோட்டியைக் காண மாடிசன் ஸ்குவேர் கார்டனில் 23,190 பேர் திரண்டனர். பன்னிரண்டாம் சுற்றில் நடுவர் பந்தயத்தை நிறுத்தி அவரைக் காக்கவேண்டியதாயிற்று. பின்னும் சில ஆண்டுகள் ஆடி, 1945இல் ஓய்வு பெற்றார். ஏறத்தாழ 180 பந்தயங்களில் 150 அளவில் வெற்றி. அவற்றுள் நூறளவு நாக்-அவுட் வெற்றிகள்.

ஈட்டிய பொருள் கரைந்தது. மது அவரைப் பற்றிக்கொண்டது. மேடையில் எவர்க்கும் பின்வாங்காதவர் மதுக்கோப்பைக்குப் பணிந்தார். ஆனால் அதிலிருந்தும் மீண்டார். 1951இல் பாப்டிஸ்ட் திருச்சபையில் போதகராகத் திருநிலை பெற்று, சிறுவர் நலத்துக்கெனத் தம்மை ஒப்படைத்தார். 1972இல் தாம் வளர்ந்த செயின்ட் லூயிஸுக்கே திரும்பிச் சிறுவர் மன்றப் பணி செய்தார். இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கியது, நினைவும் குன்றியது. 1988 அக்டோபரில், 75ஆம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். 1990இல் உலகக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் முதன்முதலாகப் பெயர்களைப் பொறித்தபோது, அவர் பெயரும் அவ்வரிசையில் இடம்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கவை

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் மொழி. குறுகிய கை ஒரு குறையே. ஆயினும் அக்கைக்கேற்ற தூரம் ஒன்று உண்டு. அதைக் கண்டறிந்து, அங்கே சென்று நின்றவர் ஆம்ஸ்ட்ராங். பிறர் வகுத்த தூரத்தில் நின்று தோற்பதை விடுத்துத் தமக்கேற்ற தூரத்தை உழைப்பால் வென்றெடுத்தார். ஊர்விட்டு வந்த நமக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கையுறை கேட்டால் உடனே மறுத்துவிட வேண்டா. உடனே இசைந்துவிடவும் வேண்டா. தலைக்காப்பும் பற்காப்பும் இன்றிப் பழகவிடாத ஆசிரியரா, அடிபட்ட பிள்ளையை ஓய்வெடுக்க வைப்பவரா, முழங்கையால் இடித்து வென்ற மாணவனைக் கண்டிப்பவரா என்று பார்த்துச் சேர்ப்பிப்பீர்களாக. எப்போது மேடையை விட்டு இறங்குவது என்பதையும் கற்பிப்பவரே நல்லாசிரியர். அப்பாடத்தை ஆம்ஸ்ட்ராங் காலந்தாழ்த்தியே கற்றார். அதற்கு அவர் கண்கள் விலை கொடுத்தன.

நெருங்கி வாழ்பவர்க்கு நெருங்கிப் போரிடவும் நேரும். அந்நெருக்கத்தில், நடுவர் காணாவிடினும் வரம்பு காப்பதே வீரம். அவ்வீரம் நம் இளைஞரிடத்தே ஓங்குக!