முப்பத்துமூன்று வயதில் ஒரு மாணவன்

1524ஆம் ஆண்டு. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரிலே, ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கும் மனிதர் ஒருவர் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அன்றைய வழக்கப்படி அது சிறுவர்கள் கற்கும் பாடம். அவருக்கோ வயது ஏறத்தாழ 33. தலையில் நரை தோன்றும் பருவத்தில், பெயர்ச்சொற்களின் வேற்றுமைகளையும் வினைச்சொற்களின் விகுதிகளையும் அவர் மனனஞ் செய்துகொண்டிருந்தார். இவரே பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார்.

பம்பலோனாக் கோட்டையில் 1521 மே 20ஆம் திகதி பீரங்கிக் குண்டு அவரது காலை நொறுக்கியதையும், நோய்ப்படுக்கையில் வாசித்த கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதைகளும் அவரை மனந்திருப்பியதையும் நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கின்றோம். மொன்செராற் அன்னையின் திருமுன் வாளைத் தொங்கவிட்டதும், மன்ரேசாவிலே தவம் புரிந்ததும் அறிந்தவையே. ஆனால் அதன் பின்வந்த பதினொரு ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் ஒரு மாணவராக இருந்தார்.

அவர் விரும்பியது படிப்பை அன்று. எருசலேமிலே தங்கி, ஆண்டவர் நடந்த மண்ணில் வாழ்ந்து மரிக்கவே விரும்பினார். 1523இல் அங்கே போய்ச் சேர்ந்தும்விட்டார். ஆனால் புனித தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் அங்கு தங்க அனுமதிக்கவில்லை. திரும்பிவரும் வழியில், இனி என்ன செய்வது என்ற கேள்வி அவரை வாட்டியது. ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமாயின் கல்வி வேண்டும் என்று முடிவு செய்தார். ஸ்பானிய மொழியை வாசிக்கவும் அழகாக எழுதவும் தெரிந்திருந்த அந்தப் பிரபு குலத்தவருக்கு இலத்தீன் தெரியாது. இலத்தீன் தெரியாதவருக்கு அன்று எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவும் திறவாது.

ஜெரோனிமோ ஆர்தெவோல் என்ற ஆசிரியர் கட்டணம் வாங்காமல் கற்பிக்க முன்வந்தார். இசபெல் ரோசர் என்னும் பெருமாட்டி செலவுக்கு உதவினார். எல்லாம் கூடிவந்தபோது ஒரு விந்தையான இடையூறு நேர்ந்தது. இலக்கணத்தை மனனஞ் செய்ய அமர்ந்த உடனே, தெய்வீகக் காரியங்களைப் பற்றிய புதிய தெளிவுகளும் இனிய உணர்வுகளும் அவர் உள்ளத்தில் பெருகின. பாடம் மனதில் நிற்கவில்லை. விரட்டினாலும் அவை போகவில்லை.

பக்தியுள்ள எவரும் இதனைக் கடவுளின் அருள் என்றே எண்ணி, புத்தகத்தை மூடிவிட்டுச் செபிக்கச் சென்றிருப்பர். இஞ்ஞாசியார் ஒன்றைக் கவனித்தார். செபத்திலும் திருப்பலியிலும் வராத இந்த ஆறுதல்கள் படிக்கும் நேரத்தில் மாத்திரம் ஏன் வருகின்றன? இது ஒரு சோதனை என்று அவர் கண்டுகொண்டார். ஆசிரியரை அழைத்துக்கொண்டு கடலன்னை மரியாளின் ஆலயத்துக்குச் சென்று, நடந்ததையெல்லாம் ஒளியாமல் சொன்னார். பார்சலோனாவில் உயிர்வாழ அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இரண்டு ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் பாடத்தைச் செவிமடுப்பதாக வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அங்கே அவரை அணுகவில்லை. குருமடத்தில் இருபது வயதில் அந்த விகுதிகள் நமக்குத் தந்த தலைவலியை நினைக்கும்போது, இந்த வாக்கின் பாரம் எனக்கு விளங்குகின்றது.

1526இல் அல்காலாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே தர்க்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் யாவற்றையும் ஒரேயடியாகக் கற்க முயன்றார், எதுவும் உருப்படவில்லை. தாமதமாகத் தொடங்குபவர்களுக்கு இயல்பாகவே வரும் அவசரம் அது. மேலும், படிக்காத ஒருவர் மக்களுக்கு ஆன்மீகம் போதிப்பதா என்ற ஐயம் எழுந்தது. அல்காலாவில் 42 நாட்கள், சலமன்காவில் 22 நாட்கள் சிறையில் இருந்தார். அவரது போதனையில் பிழை காணப்படவில்லை. ஆயினும் மேலும் நான்கு ஆண்டுகள் படிக்காமல் சாவான பாவம் எது, அற்ப பாவம் எது என்று விளக்கக்கூடாது எனத் தீர்ப்பாயிற்று.

புத்தகங்களைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு பரிஸ் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். 1528 பெப்ரவரி 2ஆம் திகதி அங்கு சேர்ந்தபோது அவருக்கு வயது 36. அங்கே அவர் செய்த முதற் காரியம் நம்மை வியக்கவைப்பது. தமது அடிப்படை உறுதியாக இல்லை என்று தாமே தீர்மானித்து, மொந்தேகு கல்லூரியிலே சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீனை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்றார். நான்கு ஆண்டுகளாகப் படித்தவர் கீழ் வகுப்புக்குத் திரும்பினார். சிறைவாசத்தைக் காட்டிலும் இது கடினமாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வறுமையும் சேர்ந்துகொண்டது. உதவியாகக் கிடைத்த பணத்தைப் பாதுகாக்கும்படி சக விடுதியாளரான ஸ்பானியர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார். இஞ்ஞாசியார் பிச்சையெடுத்து, ஏழைகளுக்கான சத்திரத்தில் தங்க வேண்டியதாயிற்று. வகுப்புகள் விடியுமுன் தொடங்கும். சத்திரத்தின் கதவோ விடிந்த பின்னரே திறக்கும், மாலையிலும் நேரத்தோடு மூடப்படும். அதனால் பாடங்கள் தவறின. ஆசிரியர் எவருக்காவது பணிவிடை செய்துகொண்டு படிக்கலாமென்று தேடினார், எவரும் ஏற்கவில்லை. இறுதியில், ஆண்டுதோறும் பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று, அங்கிருந்த ஸ்பானிய வணிகரிடம் ஆண்டு முழுவதற்கும் போதிய தர்மத்தைச் சேர்த்துவரும் வழக்கம் உண்டாயிற்று. அவரது பணத்தைச் செலவழித்தவர் ரூவன் நகரில் நோயுற்றுக் கிடப்பதாகச் செய்தி வந்தபோது, வெறுங்காலோடும் வெறும் வயிற்றோடும் நடந்தே சென்று அவரைத் தேற்றி, ஊர்திரும்பக் கப்பலும் ஒழுங்குசெய்தார்.

1529இல் புனித பார்பரா கல்லூரியில் தத்துவ வகுப்பில் சேர்ந்தார். அவருடைய அறைத்தோழர் இருவரும் 1506இல் பிறந்தவர்கள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். ஒருவர், மந்தை மேய்த்து வளர்ந்த பீற்றர் பேபர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். 1544இல் மன்னார் மக்களுக்குத் திருமறை கிடைக்க வழிசெய்த அதே சவேரியார். அரிஸ்டாட்டிலின் தத்துவத்தை இஞ்ஞாசியாருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு பேபருக்குக் கொடுக்கப்பட்டது. இளைஞர் ஆசிரியரானார், மூத்தவர் மாணவரானார். படிக்கும் நேரத்தில் ஆன்மீகம் பேசுவதில்லை என்று இருவரும் உடன்பாடு செய்துகொண்டனர். பார்சலோனாவில் கற்ற பாடம் அது. மற்ற வேளைகளில் இஞ்ஞாசியாரே பேபரின் ஆன்ம வழிகாட்டி.

1533இல் தத்துவத்தில் போதனை உரிமமும், 1535இல் முதுமாணிப் பட்டச் சான்றிதழும் கிடைத்தன. அதற்கிடையில், 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்தர் குன்றிலே அந்த அறைத்தோழர்களும் வேறு நால்வரும் அவரோடு வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1537இல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு 46 வயது. 1540இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார்.

சபையின் சட்டங்களை எழுதுகையில் அவர் பழையதை மறக்கவில்லை. மாணவராயிருக்கும் சகோதரர்களின் படிப்பு நேரத்தை நீண்ட செபங்களும் தவமுயற்சிகளும் விழுங்கிவிடக்கூடாது என்று வரையறுத்தார். 1551இல் உரோமையில் ஒரு பாடசாலையைத் திறந்தார். இலக்கணமும் இலக்கியமும் கிறிஸ்தவ போதனையும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆர்தெவோல் அவரிடம் கட்டணம் வாங்காததுபோல, அங்கே வந்த எவரிடமும் கட்டணம் வாங்கப்படவில்லை.