முன்சீப் வேதநாயகம் பிள்ளை

நம் சங்கத்துக் குடும்பங்களுள் வழக்குமன்றத்தின் படி மிதியாத குடும்பம் அரிது. நூற்கடன், பொதுச்சுவர், பாகப்பிரிவினை என ஏதேனும் ஒன்று நம்மைத் தறியினின்றும் எழுப்பி அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றது. அங்ஙனம் நிற்போர்க்குத் தம் வழக்குத் தமக்கே விளங்கவேண்டும் என்று கருதி உழைத்த ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகப் பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். 1848இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பத்திரங்களைக் காக்கும் அலுவலும், 1850இல் மொழிபெயர்ப்பாளர் அலுவலும் கிடைத்தன.

மொழிபெயர்ப்பாளர் வேலையை எளிதென்று எண்ணற்க. உழவன் ஒருவன் கூண்டில் நின்று தன் ஊர்ப் பேச்சிற் கூறுவதை ஆங்கில நீதிபதிக்குப் பொருள் பிறழாது எடுத்துரைத்தல் வேண்டும். ஒரு சொல் வழுவின் ஒரு வேலி நிலம் கைமாறும். இரு மொழிக்கும் நடுவே நின்ற அவ்வாண்டுகளே அவரது பிற்காலத் தொண்டுக்கு வித்தாயின என்பது என் துணிபு.

1857இல் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடியிலும், பின்னர்ச் சீர்காழியிலும், மாயூரத்திலும் நீதி வழங்கினார். கைக்கூலி கொடுப்பாரும் வாங்குவாரும் மலிந்திருந்த காலம் அது. அவர் அதனைக் கையாலும் தீண்டாததோடு, தாம் இயற்றிய நீதிநூலிற் கடிந்தும் பாடினார்.

அக்காலத்தில் சென்னையிலிருந்த சதர் அதாலத்து என்னும் மேல்நீதிமன்றத்தின் தீர்ப்புகளே கீழ்மன்றங்கட்கு வழிகாட்டி. அவையோ ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறியாத வக்கீலும் கட்சிக்காரனும் தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் யாதென அறியாமலே வாதாடினர். இக்குறையைக் கண்ட பிள்ளையவர்கள், 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளை, பகலெல்லாம் வழக்குக் கேட்ட ஒருவர் தமிழிற் கொணர்ந்தார் என்றால், அவ்வுழைப்பை என்னென்பது! அவரைப் புதினத்தால் அறிவார் பலர். இந்நூலால் அறிவார் சிலரே.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை பாடினார் என்பதை மட்டும் சொல்லி மேற்செல்கின்றேன்.

மேலதிகாரி ஒருவரோடு நேர்ந்த மனவேற்றுமையால் 1872இல் பதவியினின்றும் நீங்கினார். ஆயினும் ஊரை விட்டு நீங்கினாரல்லர். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார்.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதற் புதினம் என்பர். கதையினிடையே வக்கீல் தொழிலைக் குறித்து அவர் கூறுவன இன்றும் சுடும். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வழக்காடுவோரும் தமிழர், இருந்தும் வாதம் ஆங்கிலத்தில் நடப்பானேன் என்று அவர் நகையாடுகின்றார்.

அப்பகுதியை மாணாக்கர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நாள் நினைவுக்கு வரும். நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். நூற்கடன் வழக்கொன்றிற்காக என் தந்தையார் என்னையும் அழைத்துக்கொண்டு மன்றத்திற்குச் சென்றார். இருதரத்து வக்கீல்களும் ஆங்கிலத்தில் ஏதோ பேசினர். சிறிது பொழுதில் எல்லாம் முடிந்தது. வெளியே வேப்பமர நிழலில் நின்று, வென்றோமா தோற்றோமா என்று தந்தையார் என்னை வினவினார். பள்ளியில் நாலெழுத்து ஆங்கிலம் படிக்கின்றவன் ஆயிற்றே என்னும் நம்பிக்கை அவர்க்கு. நான் தலைகுனிந்தேன். குமாஸ்தா வந்து, வழக்கு அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று சொன்ன பின்னரே நாங்கள் பேருந்து ஏறினோம்.

கீழ்மன்றங்களில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வழங்கவேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானித்தும் அஃது இன்னும் கைகூடிற்றில்லை. உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் தமிழாக்கப்பட்டு வருகின்றன. பிள்ளையவர்கள் தனியொருவராய்த் தொடங்கிய பணி அது. அவர் 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் மாயூரத்திலே காலமானார்.