மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த சிறுவன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் இருந்த அந்தப் பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள் படித்தனர். ஒரு 10 பேரைத் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் ஒருவனான சிறுவன், பள்ளிக்கு வந்தாலும் உடனே உள்ளே நுழைவதில்லை. வெளியே எங்கேனும் தனியாக அமர்ந்து படித்துக்கொண்டிருப்பான். வகுப்பு தொடங்கும் மணி அடித்த பிறகே உள்ளே செல்வான். மாலையில் வகுப்பு கலைந்ததும், உடன் படிக்கும் பிள்ளைகள் தன்னை எட்டிப் பிடிப்பதற்குள் வீட்டை நோக்கி விரைவான். அவர்களோடு சேர்ந்து நடந்தால் ஊர் எது, உறவினர் யார் என்று பேச்சு எழும், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்பதே அவன் அச்சம்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். தம் எண்பதாம் வயதையொட்டி, 1939இல் வெளியிட்ட தன்வரலாற்றுச் சுருக்கத்தில் இந்தப் பள்ளி நாட்களை அவர் நினைவுகூர்ந்துள்ளார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியாத ஏக்கமும், இக்கொடுமையை வெல்வது எப்படி என்ற யோசனையும் அப்போதே தம்மைப் பற்றிக்கொண்டதாக அவர் பதிவு செய்கிறார். அவருடைய பொதுவாழ்வை வட்டமேசை மாநாட்டிலிருந்து தொடங்கிப் படிப்பது நம் வழக்கம். பள்ளிக்குச் செல்லும் அந்தப் பாதையிலிருந்து படித்தால் அவ்வாழ்வின் அடுத்தடுத்த செயல்கள் ஓர் ஒழுங்கில் அமைவதைக் காணலாம்.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர் சீனிவாசன். குடும்பம் முதலில் தஞ்சைக்கும் பின்னர் கோவைக்கும் இடம்பெயர்ந்தது. படிப்பு அவருக்கு வேலையைத் தந்தது. நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் ஏறத்தாழ பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். சாதியை மறைத்துக்கொண்டு சிறு வசதியோடு வாழ அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால், 1890இல் அவர் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரில் இதழைத் தொடங்கினார்.

இந்தப் பெயர்த் தேர்வைப் பள்ளி நாட்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எந்தச் சொல் பிறர் காதில் விழுந்துவிடுமோ என்று அஞ்சி மணியடிக்கும் வரை வெளியே காத்திருந்தாரோ, அதே சொல்லை இதழின் முகப்பில் அச்சிட்டார். மறைந்து வாழும் மக்கள் உரிமை கேட்க முடியாது. கேட்பவர் யாரென்று தெரிந்தால்தான் உரிமை கேட்க இயலும் என்பது அவர் நிலைப்பாடு. மாத இதழாகத் தொடங்கிய ‘பறையன்’ சில மாதங்களிலேயே வார இதழாயிற்று. 1900 வரை வெளிவந்தது.

1900இல் இங்கிலாந்து செல்லும் நோக்கில் கப்பலேறியவர் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார்.

அவர் திரும்பி வந்த காலத்தில் சென்னை மாகாணத்தின் கிராமப் பள்ளிகள் பல அக்கிரகாரங்களிலும் கோயிலை ஒட்டிய இடங்களிலும் சாவடிகளிலும் நடந்துவந்தன. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதென்று அங்கே அறிவிப்புப் பலகை எதுவும் தேவைப்படவில்லை. பள்ளி இருந்த தெருவிலேயே அவர்கள் கால் வைக்க முடியாது. கல்வி அனைவருக்கும் பொது என்று அரசு ஏட்டில் எழுதியது. பள்ளிக்குச் செல்லும் தெருவோ சாதியின் கையில் இருந்தது. இத்தகைய பள்ளிகளை எல்லாரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டுமென 1919இலேயே அரசு ஆணையிட்டிருந்தும் நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை.

1924 மார்ச்சில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நகரத்திலோ கிராமத்திலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 25 அன்று அது அரசிதழில் வெளியாயிற்று.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் இத்தீர்மானத்தின் அமைப்பு என்னை ஈர்க்கிறது. சாலையில் நடப்பதற்கு எவரிடமும் அது அனுமதி கேட்கவில்லை. மனமாற்றத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. பொதுப்பணத்தில் அமைந்த சாலையை, எல்லாருக்கும் உரிய சாலை என்று அரசின் வாயாலேயே சொல்லவைத்தது. சாலை, கிணறு, அலுவலகம் ஆகிய மூன்றையும் ஒரே தீர்மானத்தில் வைத்ததிலும் பொருள் உண்டு. வீட்டிலிருந்து புறப்படும் ஒரு பிள்ளைக்கு வழி வேண்டும், வழியில் தண்ணீர் வேண்டும், சென்று சேரும் கட்டடத்தின் வாசல் திறந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அடைபட்டாலும் மற்றவற்றால் பயனில்லை.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றனர். 1932இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனின் கையொப்பமும் உண்டு. அவ்வொப்பந்தம் தனித்தொகுதிகளைக் கைவிடச் செய்ததைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால், ஒவ்வொரு மாகாணத்தின் கல்வி நிதியிலிருந்தும் ஒடுக்கப்பட்டோர் கல்விக்குப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்ற அதன் இறுதிக்கூறு அரிதாகவே பேசப்படுகிறது. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

இன்று நம்மிடம் அரசியலமைப்பின் 17ஆம் கூறும் 21அ கூறும் இருக்கின்றன. பொதுவழியைப் பயன்படுத்துவதையோ கல்வி நிறுவனத்தில் நுழைவதையோ தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள், தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. இந்த அளவுகோல் தேவையானதே. ஆனால், 2025 மார்ச்சில் திருவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவர் வழிமறித்து வெட்டப்பட்டார். அவரது பள்ளி எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்பதா அங்கே சிக்கல்? 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போகாமல் நின்ற மாணவரை வீட்டுக்கே வந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்துவிட்டது.

ஒரு மாணவர் பள்ளியைவிட்டு நின்றால், பதிவேட்டில் இடைநிற்றல் என்று எழுதி முடித்துவிடுகிறோம். அவர் எந்தத் தெரு வழியாக நடந்தார், எந்த நிறுத்தத்தில் பேருந்து ஏறினார், உடன் வந்தவர்கள் யார், எந்த இடத்தில் திரும்பிப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. வன்கொடுமை வழக்குகளில் உண்மை அறியச் செல்லும் நாமும் பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகே போகிறோம். தங்கள் பகுதிப் பள்ளிகளுக்குச் செல்லும் வழிகளைப் பிள்ளைகளோடு ஒருநாள் நடந்துபார்த்துப் பதிவு செய்யக் கல்லூரி மாணவர்களால் முடியும். அப்பதிவோடு மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவிடமும் முறையிடலாம். மணி அடிக்கும் வரை வெளியே காத்திருக்கும் பிள்ளை இன்றும் ஏதோ ஒரு பள்ளிக்கு அருகில் இருக்கக்கூடும். நாம் முதலில் போக வேண்டிய இடம் அது.