கொலைகாரனைக் காட்டிக் கொடுத்த ஈ

காஞ்சிபுரத்துக் குழந்தைகளுக்குப் பட்டுப்புழுவின் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முட்டை புழுவாகிறது. புழு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டின் இழைதான் தறியில் ஏறிச் சேலையாகிறது.

பட்டு பிறந்த நாடு சீனா. அங்கிருந்து யுவான் சுவாங் என்ற துறவி 7-ம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்தார். அவருக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே சீனாவில் ஒரு நீதிபதி வாழ்ந்தார். பட்டுப்புழுவை அல்ல, வேறொரு பூச்சியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய ஒரு வழக்கை அவர் எழுதிவைத்தார். அந்தப் பூச்சி, ஈ!

அந்த நீதிபதியின் பெயர் சோங் சி.

40 வயதில் முதல் உத்தியோகம்

சோங் சி 1186-ம் ஆண்டு பிறந்தார். தென் சீனாவில் உள்ள பூஜியன் மாகாணம் அவரது சொந்த ஊர்ப் பகுதி. தந்தையும் அரசாங்க அதிகாரி.

சீனாவில் அப்போது பெரிய உத்தியோகத்துக்கு வரக் கடினமான பரீட்சை எழுத வேண்டும். 1217-ல், 31 வயதில், அவர் அதில் தேறினார். பதவியும் கிடைத்தது. ஆனால் தந்தை நோயில் படுத்துவிட்டார். மகன் ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் உத்தியோகம் ஏற்றது 1226-ல்தான். அப்போது அவருக்கு 40 வயது!

1239-ல் குவாங்டாங் மாகாணத்தின் நீதி அதிகாரியானார். அங்கே அவர் கண்ட காட்சி கொடுமையானது. விசாரணையே இல்லாமல் கைதிகள் ஆண்டுக் கணக்கில் சிறையில் வாடினார்கள். குற்றவாளி யார், நிரபராதி யார் என்று பார்க்க ஆள் இல்லை.

சோங் சி ஒவ்வொரு வழக்குக்கும் கெடு வைத்தார். 8 மாதங்களில் 200-க்கு மேற்பட்ட கைதிகளின் வழக்குகளை முடித்தார்.

பழி துடைக்கும் நூல்

தவறான தீர்ப்புக்குக் காரணம் என்ன? பிணத்தைச் சரியாகப் பரிசோதிக்காததுதான் என்று அவர் கண்டார். அதிகாரிகள் நாற்றத்துக்கு அஞ்சித் தள்ளி நின்றார்கள். கீழ்நிலைச் சிப்பந்திகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அதன்படி ஒரு மனிதனின் தலை போயிற்று!

இதைத் தடுக்க, 1247-ல் அவர் ஒரு நூல் எழுதினார். அநியாயப் பழியைக் கழுவுவது என்பது அதன் பெயரின் பொருள். அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். தீயில் இறந்தவரின் வாயிலும் மூக்கிலும் சாம்பல் இருக்கும். கொன்றபின் தீயில் போட்டிருந்தால் இராது என்று விளக்கினார்.

நூலில் பிழைகளும் உண்டு. எலும்பின் மேல் ரத்தம் விட்டால் உறவு தெரியும் என்று எழுதினார். அது தவறு என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. ஆயினும் பல நூறு ஆண்டுகள் சீன அதிகாரிகளுக்கு அதுவே வழிகாட்டி.

தரையில் 70 அரிவாள்கள்

அந்த நூலில் உள்ள ஒரு வழக்கு உலகப் புகழ் பெற்றது.

சாலை ஓரத்தில் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். உடம்பில் பத்துக்கு மேற்பட்ட வெட்டுகள். எல்லாம் கதிர் அரிவாளால் விழுந்தவை. ஆனால் உடையும் பொருளும் அப்படியே இருந்தன. எனவே இது திருடன் வேலை அல்ல, பகைவன் வேலை என்று விசாரித்த அதிகாரி முடிவு செய்தார்.

கொலையுண்டவரின் மனைவியைத் தனியே அழைத்து விசாரித்தார். கடன் கேட்டுக் கிடைக்காமல் மிரட்டிச் சென்ற ஒருவனைப் பற்றி அவள் சொன்னாள்.

அதிகாரி அவனை உடனே பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் தங்கள் அரிவாள்களைக் கொண்டுவர உத்தரவிட்டார். 70, 80 அரிவாள்கள் வந்தன. வரிசையாகத் தரையில் வைக்கப்பட்டன.

நல்ல கோடைக்காலம். ஈக்கள் பறந்து வந்தன. ஒரே ஓர் அரிவாளின் மேல் மட்டும் மொய்த்தன!

அது அந்தக் கடன் கேட்டவனின் அரிவாள். அவன் முதலில் மறுத்தான். மற்ற அரிவாள்களில் ஈ இல்லாததை அதிகாரி காட்டினார். கழுவினாலும் ரத்த வாடை போகவில்லை. கொலைகாரன் தலை குனிந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

புழு சொல்லும் நாள் கணக்கு

பட்டுப்புழுவுக்கு வயது சொல்ல முடிவதுபோல், ஈயின் புழுவுக்கும் சொல்ல முடியும். பிணத்தைத் தேடி வரும் ஈ முட்டையிடுகிறது. முட்டை புழுவாகிறது. வெயிலில் அது வேகமாக வளரும். குளிரில் மெதுவாக வளரும். புழுவின் வயதைக் கணக்கிட்டால் மரணம் நேர்ந்த நாளை ஏறத்தாழ அறியலாம்.

1935 செப்டம்பர் 29-ல் ஸ்காட்லாந்தில் மோபட் என்ற ஊருக்கு அருகே, ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல் துண்டுகள் கிடந்தன. கிளாஸ்கோ நகர நிபுணர் அலெக்சாண்டர் மெர்ன்ஸ் அவற்றிலிருந்த புழுக்களை ஆராய்ந்தார். வயது 12 முதல் 14 நாள் என்று கணித்தார். பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்த டாக்டர் பக் ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமற்போன நாளுக்கு அது பொருந்தியது. வேறு பல சான்றுகளும் சேர்ந்தன. ரக்ஸ்டன் 1936 மே 12-ல் தூக்கிலிடப்பட்டான்.

ஆராயாத தீர்ப்பு

சோங் சி 1249-ல், 63 வயதில் காலமானார். நூல் எழுதி இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பி, சிலம்பை உடைத்துப் பார்க்காமல் தண்டனை கொடுத்தான் பாண்டியன். கோவலன் உயிர் போயிற்று, மதுரையும் எரிந்தது. உண்மை வெளிவந்தபோது காலம் கடந்துவிட்டது.

அந்தத் தவறு நடக்கக் கூடாது என்பதே சோங் சியின் வாழ்நாள் கவலை. ஈ யாரிடமும் லஞ்சம் வாங்காது. ஆனால் அது காட்டுவதைக் காண, மூக்கைப் பொத்தாமல் அருகே போய் நிற்கும் அதிகாரி வேண்டும்.