தோட்டத் தொழிலாளருக்குக் குரல் தந்த நடேசய்யர்

திருக்கேதீச்சரத்தையும் பாலாவித் தீர்த்தத்தையும் அறியாதார் மன்னாரிலே எவருமிலர். ஆனால் இதே கரையிலிருந்து துன்பவழி ஒன்றும் தொடங்கியது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டிலே மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்தில், தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து தோணியேறி வந்த ஏழைமக்கள் தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி வழியிலே மாண்டவர் மிகப் பலர்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது, புகையிரதமும் வந்தது. பயணம் இலகுவாயிற்று, தோட்டத்தில் வாழ்வு இலகுவாகவில்லை. கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளியின் கழுத்தைச் சுற்றிய கயிறாயிருந்தது. அக்கடனைக் குறித்த துண்டுச் சீட்டோடு அவன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் துரைமாரின் ஆட்சி தளரவில்லை.

இந்நிலையிலே தோன்றியவரே கோ. நடேசய்யர். தஞ்சை மண்ணிலே அந்தணர் குலத்திற் பிறந்து, அங்கே பத்திரிகை நடத்திப் பழகியவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இந்நாட்டுக்கு வந்த அவர், தோட்ட மக்களின் நிலையைக் கண்ணாற் காண விரும்பினார். தோட்டமோ துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி அந்நியன் நுழைவது குற்றம். எனவே புடைவை வியாபாரியாய் வேடம் பூண்டு, மூட்டை சுமந்து லயங்களுக்குட் புகுந்தார். கண்டவற்றை எழுதி நாடறியச் செய்தார்.

தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த பின், 1924இல் தேசபக்தன் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சிங்களத் தொழிலாளரோடும் தோளோடு தோள் நின்றார். 1920களின் நடுவிலே சட்டநிரூபண சபையில் இந்தியரின் பிரதிநிதியாயினார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தலைப்பட்டபோது அந்த உறவு முறிந்தது.

அதன்பின் அவர் மலைநாட்டையே தமது களமாக்கினார். 1931இல் அட்டனிலே இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். அதுவரை தோட்டங்களிற் காலூன்றிய தொழிற்சங்கம் எதுவும் இருந்ததில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் கூலி குறைக்கப்பட்ட கொடுங்காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளும் உடன் நின்றார். எழுத்தறியா மக்களுக்குக் கட்டுரைகள் எட்டா என்பதையுணர்ந்து, அவர்கள் அறிந்த மெட்டுகளிலே பாட்டிசைத்து உரிமையைப் புகட்டினார். பெண்கள் மேடையேறத் தயங்கிய நாளில் அவ்வம்மையார் செய்த தொண்டு எம் சகோதரிமார் அறியவேண்டியது.

1936இல் அட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 வரை அங்கே அவர் தொழிலாளரின் வழக்கறிஞராகவே விளங்கினார். எனினும் அவர் கட்டிய சங்கம் பெரும்பாலும் அவர் ஒருவரின் தோளிலேயே தங்கியிருந்தது. 1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. தொழிலாளர் அதன் பக்கம் திரண்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மஸ்கெலியாவிலே தனித்து நின்ற நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் மறைந்தார்.

மக்கள் நன்றி மறந்தனர் என்று கூறிவிடுதல் எளிது. தலைவரை நம்பி மாத்திரம் நிற்கும் இயக்கம் தலைவரோடு சாயும் என்பதே நாம் இதிற் காணும் பாடம். ஆயினும் ஒன்று சொல்வோம். காங்கிரஸ் அறுவடை செய்த வயலிற் கல்லும் முள்ளும் களைந்தவர் நடேசய்யரே.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனத் தீர்மானமாயிற்று. பாட்டன் வந்திறங்கிய தலைமன்னார்த் துறையிலேயே பேரன் கண்ணீரோடு கப்பலேறினான். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மீண்டும் நடந்தனர்.

கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இன்று நம் மாவட்டத்திலும் வன்னியிலும் வாழ்கின்றன. அவர்களைத் தோட்டக்காட்டார் என்று இழித்துரைக்கும் நா நம்மிடையேயும் உண்டு. கேதீச்சரத்தானின் சந்நிதியிலே ஒன்றாய்க் கைகூப்பிவிட்டு, வீதியிலே வேறாய்ப் பிரிந்து நிற்பது என்ன பக்தி? அந்தணராய்ப் பிறந்தும் மூட்டை தூக்கி லயத்து வாசலில் அமர்ந்தவர் நடேசய்யர். அவர்களை நம் சங்கத்தில் உறுப்பினராக்குவோம். நம் பந்தியிலே அருகில் அமர்த்துவோம். அப்பெரியாருக்கு நாம் எடுக்கும் விழா அதுவேயாகும்.