கடனைத் தீர்த்த கவிராயர்

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது நான்காம் வகுப்பு வரைதான். ஆனால், அவர் எழுதிய பாட்டுகள் தமிழ்நாட்டுக்கே பாடம் சொல்லின. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் பாடங்களை மனப்பாடமாகப் பாடினார்கள். சிரித்துக்கொண்டே பாடினார்கள்.

அவர்தான் உடுமலை நாராயண கவி.

தீப்பெட்டி விற்ற சிறுவன்

உடுமலைப்பேட்டைக்கு அருகில் பூளவாடி என்று ஒரு சிற்றூர். அப்போது அது கோவை மாவட்டம். 2009-ம் ஆண்டு முதல் திருப்பூர் மாவட்டம். அங்கே 1899-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நாராயணசாமி.

சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். படிப்பு நின்றது. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேட வேண்டும். தீப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு நடந்தார். வீடு வீடாக விற்றார். கிடைத்தது சில காசுகள்தான்.

ஆனால், அந்தக் கிராமங்களில் வேறொரு செல்வம் கிடைத்தது. கோயில் திருவிழாக்களில் உடுக்கடிப் பாட்டு நடக்கும். கும்மி, பஜனை, விடிய விடியக் கூத்து எல்லாம் உண்டு. சிறுவன் நாராயணசாமி கண் கொட்டாமல் பார்ப்பான். காதால் கேட்டதை மறக்க மாட்டான். பின்னாளில் சினிமாவில் அவர் எழுதிய பாட்டுகள் பாமர மக்கள் நாவில் சுலபமாக ஏறியதற்கு, இந்த மண்ணின் மெட்டுகளே காரணம்.

நாடகக் கம்பெனி

சிறுவனின் திறமையை ஒருவர் கண்டுகொண்டார். அவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். நாடகம் எழுதுவதிலும் பாட்டுக் கட்டுவதிலும் வல்லவர். அவரையே குருவாகக் கொண்டு நாராயணசாமி நாடக உலகில் நுழைந்தார்.

அந்தக் காலத்து நாடகத்தில் பாட்டுத்தான் உயிர். ராஜா வந்தாலும் பாட்டு. மந்திரி போனாலும் பாட்டு. நடிகரின் குரலுக்கும், ஜனங்களின் ரசனைக்கும் ஏற்றாற்போல் பாட்டு எழுத வேண்டும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புரிய வேண்டும். அந்தப் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது.

கதர்க் கடையில் நஷ்டம்

ஊர் திரும்பினார். திருமணம் ஆயிற்று. நாட்டில் காந்தியின் கதர் இயக்கம் பரவிய காலம் அது. இன்று பனியனுக்குப் பெயர் பெற்ற திருப்பூர், அன்று கதருக்குப் பெயர் பெற்றிருந்தது. நாராயண கவியும் கதர்க் கடை வைத்தார்.

நல்ல எண்ணம் இருந்தது. லாபம் இல்லை. முதல் கரைந்தது, கடன் ஏறியது. கடன்காரர்களின் முகத்தில் விழிக்கவே முடியாத நிலை வந்தது. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கடனை அடைக்கும் அளவுக்குச் சம்பாதிக்காமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, மதுரைக்குப் புறப்பட்டார். கையில் பணம் இல்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான்: பாட்டு.

மதுரை அப்போது நாடகக்காரர்களின் தாயகம். அங்கே சங்கரதாஸ் சுவாமிகளிடம் யாப்பு இலக்கணம் கற்றார். கேள்வி ஞானத்தோடு இலக்கணமும் சேர்ந்தது. நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டு எழுதிப் பிழைத்தார்.

பேசும் படம் வந்தது

1931-ம் ஆண்டு தமிழில் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதன் பிறகு வந்த படங்களில் வசனத்தைவிடப் பாட்டுகளே அதிகம். நாடக மேடையில் பழகிய புலவர்களுக்குச் சினிமாவில் வேலை கிடைத்தது. நாராயண கவியும் சென்னைக்கு வந்தார்.

சினிமா அவருக்கு ஒரு பெரிய நட்பைத் தந்தது. அந்த நண்பர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

கலைவாணர் சிரிக்க வைப்பவர். சிரிப்போடு ஒரு நல்ல கருத்தையும் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர். சாதிக் கொடுமை, மூட நம்பிக்கை, படிப்பின்மை ஆகிய மூன்றும் அவருக்கு ஆகாதவை. நாராயண கவிக்கும் அப்படியே. ஒருவர் சொல்ல நினைத்ததை மற்றவர் பாட்டாகத் தந்தார். கலைவாணரும் டி. ஏ. மதுரமும் அந்தப் பாட்டுகளைப் பாடி நடித்தபோது கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ம் ஆண்டு கலைவாணர் கைதானார். 1947-ம் ஆண்டுதான் விடுதலை பெற்றார். அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அவரோ, 1949-ம் ஆண்டு ‘நல்லதம்பி’ படத்தில் கதாநாயகனாகவே வந்து நின்றார்.

அமெரிக்காவில் பரிசு பெற்ற கதை

‘நல்லதம்பி’யின் கதை வசனத்தை எழுதியவர் அண்ணா. 1936-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நகைச்சுவைப் படத்தைத் தழுவி அதை எழுதினார்.

அந்தப் படத்தின் கதை இது: சிற்றூரில் வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்த ஒருவனுக்குத் திடீரென்று பெரிய சொத்து வருகிறது. அதை ஏழை விவசாயிகளுக்குக் கொடுக்க நினைக்கிறான். உடனே அவனுக்குப் பைத்தியம் என்று கோர்ட்டில் வழக்குப் போடுகிறார்கள். அதை இயக்கிய பிராங்க் காப்ராவுக்கு, சிறந்த டைரக்டர் என்று ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

‘நல்லதம்பி’க்கு அப்படிப் பரிசு கிடைக்க வழியில்லை. இந்தியாவில் தேசிய சினிமா விருது கொடுக்கும் வழக்கமே 1954-ம் ஆண்டுதான் தொடங்கியது. ஆனால், அமெரிக்கப் படத்தில் இல்லாத ஒன்று தமிழ்ப் படத்தில் இருந்தது. அதுதான் கிந்தனார் கதாகாலட்சேபம்.

கிந்தன் படித்த கதை

நந்தனார் கதையைத் தமிழ்நாடு நன்றாக அறியும். சிதம்பரத்துக்குப் போக வேண்டும் என்று ஏங்கிய ஏழைப் பக்தர் நந்தனார். அதே நடையில், அதே மெட்டுகளில் நாராயண கவி புதுக் கதை கட்டினார். நந்தன் கிந்தன் ஆனான். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவனான கிந்தனின் ஏக்கம் படிப்பின் மேல்! எப்படியாவது பட்டணம் போய்ப் படிக்க வேண்டும் என்று துடிக்கிறான். ரெயில் ஏறுகிறான். படித்துத் தேறுகிறான். பெரிய உத்தியோகஸ்தனாக ஊருக்குத் திரும்புகிறான். அன்று அவனை விரட்டியவர்கள் இன்று எழுந்து நின்று வரவேற்கிறார்கள்.

கலைவாணர் பாகவதர்போல நின்று இந்தக் கதையைச் சொன்னபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் யோசித்தார்கள். படிக்க வசதி இல்லாமல் தீப்பெட்டி சுமந்த ஒருவர் எழுதிய கதை அது. கிந்தனின் ஏக்கம் அவருக்குத் தெரியாததா?

பொத்தானைத் தட்டினால் இட்லி

அதே படத்தில், விஞ்ஞானத்தை வளர்ப்பது பற்றிக் கணவனும் மனைவியும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. பொத்தானைத் தட்டினால் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று அதில் ஓர் ஆசை வரும். ஆட்டுக்கல்லோடு மல்லாடிய பெண்களுக்கு அது வெறும் வேடிக்கையாக இல்லை. ஆறே ஆண்டுகளில், 1955-ம் ஆண்டு, கோவையில் மின்சாரத்தால் மாவரைக்கும் கிரைண்டர் பிறந்தது!

காக்கையும் தேவதாசும்

சிரிப்புப் பாட்டு மட்டும்தான் அவருக்கு வரும் என்று எண்ணியவர்களும் ஏமாந்தார்கள். 1952-ம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’, சிவாஜி கணேசனின் முதல் படம். அதில் காக்கைகளை அழைத்துப் பாடும் பாட்டு நாராயண கவி எழுதியது. கிடைத்ததைப் பகிர்ந்து உண்ணும் காக்கையைக் காட்டி, பசித்தவனைப் பாராத மனிதரை அது இடித்துரைத்தது. அடுத்த ஆண்டு ‘தேவதாஸ்’ வந்தது. அதில் அவர் எழுதிய சோகப் பாட்டுகள் பார்த்தவர்களை அழ வைத்தன. 1960-ம் ஆண்டு தேசிய விருது பெற்ற ‘தெய்வப்பிறவி’ படத்திலும் அவர் பாட்டு எழுதினார்.

பகுத்தறிவுக் கவிராயர் என்று மக்கள் அவரைப் போற்றினார்கள்.

சொன்ன சொல்

புகழ் வந்தது. பணமும் வந்தது. கதர்க் கடைக் கடனை அவர் மறக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தார். தலை குனிந்து புறப்பட்ட ஊருக்குள் தலை நிமிர்ந்து வந்தார்.

1957-ம் ஆண்டு கலைவாணர் மறைந்தார். கவிராயர் அதன் பிறகும் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். 1981-ம் ஆண்டு மே 23-ந் தேதி காலமானார்.

உடுமலைப்பேட்டையில் அவருக்கு அரசு மணிமண்டபம் கட்டியது. 2008-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி மத்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலையை வெளியிட்டது.

ஊருக்குப் பட்ட கடனை அவர் பணத்தால் தீர்த்தார். அவருக்கு நாம் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை புத்தகம் விரித்துப் படிக்கும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு தீருகிறது.