5 முறை மோதி 5 முறையும் தோற்றவர்: டீ பாக்கெட்டில் இருக்கும் லிப்டன் யார்? தமிழர்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

லிப்டன் என்றதும் டீ பாக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தை வெல்ல 31 ஆண்டுகள் முயன்று, 5 முறையும் தோற்றவர் சர் தாமஸ் லிப்டன். தோற்றும் உலகம் முழுக்க ரசிகர்களைச் சம்பாதித்தார். அந்தப் படகுகளுக்குப் பின்னால் இருந்த செல்வத்தில் ஒரு பங்கு, இலங்கை மலைகளில் தமிழர்கள் கிள்ளிய கொழுந்திலிருந்து வந்தது.

யார் இந்த லிப்டன்?

1848இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டார். கப்பலில் எடுபிடி வேலை பார்த்தார். பதின்ம வயதில் அமெரிக்கா போய் புகையிலைத் தோட்டம், நெல் வயல், நியூயார்க் மளிகைக் கடை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

ஊர் திரும்பியவர் 1871இல் கிளாஸ்கோவில் தன் முதல் மளிகைக் கடையைத் திறந்தார். விளம்பரத்தில் ஆள் கில்லாடி. ராட்சத அளவு பாலாடைக்கட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோய் கடைக்குக் கூட்டம் சேர்த்தார். 1880களின் இறுதியில் அவருக்குச் சுமார் 300 கடைகள்.

தமிழர்கள் எங்கே வருகிறார்கள்?

1870களில் இலைநோய் தாக்கி இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கின. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1890இல் லிப்டன் அங்கே போய், அப்புத்தளை அருகே உள்ள தம்பேதன்னை உட்பட பல தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் நேராகக் கடைக்குக் கொண்டுவந்து, பாக்கெட் போட்டு, மற்றவர்களைவிட மலிவாக விற்றார். பணக்காரர் வீட்டு டீ சாதாரண பிரிட்டிஷ் குடும்பங்களின் அடுப்படிக்கு வந்தது.

அந்த மலிவு விலைக்குப் பின்னால் மலிவான உழைப்பு இருந்தது. மதராஸ் மாகாணக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிப் போனார்கள். வேலை தொடங்கும் முன்பே கடன் தலையில் ஏறிவிடும்.

பண்டார் பாரு மாதிரி கெடா தோட்டப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான கதை இல்ல. காலைப் பெரட்டு, கங்காணி, வரிசையாக லயத்து வீடுகள். இங்கே ரப்பர், அங்கே தேயிலை. கப்பல் ஏறிய மாகாணம் ஒன்றுதான்.

படகுப் பந்தயத்துக்கு எப்படி வந்தார்?

அமெரிக்கா கோப்பை 1851இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய சர்வதேச விளையாட்டுக் கோப்பைகளில் ஒன்று. அதை நியூயார்க் படகுக் கழகம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1899இல் 'ஷாம்ராக்' என்ற படகுடன் லிப்டன் சவால் விட்டார். மளிகைக் கடைக்காரர் என்பதால் பிரிட்டனின் மேட்டுக்குடிப் படகுக் கழகம் அவரைச் சேர்க்கவில்லை. அதனால் அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் படகுக் கழகம் மூலம் போட்டியிட்டார்.

சவால் விடும் படகு அட்லாண்டிக் கடலைத் தானே கடந்து வர வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் அது உறுதியாக, கனமாகக் கட்டப்பட்டிருக்கும். அமெரிக்கப் படகுக்கு அந்தக் கவலை இல்லை. பந்தயத்துக்கு மட்டுமே என்று லேசாகக் கட்டினால் போதும்.

5 தோல்விகள்

1899: கொலம்பியா படகிடம் 3-0 என்று தோல்வி.

1901: மீண்டும் கொலம்பியா, மீண்டும் 3-0. கடைசிப் பந்தயத்தில் ஷாம்ராக் 2 வினாடி முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஆனால் படகின் அளவுக்கு ஏற்ப நேரத்தைச் சரிசெய்தபோது 41 வினாடியில் தோற்றது.

1903: ரிலையன்ஸிடம் 3-0. கடைசிப் பந்தயத்தில் ஷாம்ராக் மூடுபனியில் வழிதவறிப்போனது.

1920: 2-0 என்று முன்னிலை. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை. அடுத்த மூன்றையும் ரெசல்யூட் ஜெயித்தது.

1930: என்டர்பிரைஸிடம் 4-0. அப்போது லிப்டனுக்கு 82 வயது.

மொத்தம் 18 பந்தயங்கள், 2 வெற்றி.

தூரத்திலிருந்த ரசிகர்கள்

நடுக்கடலில் நடப்பதைக் கரையில் இருப்பவர் எப்படிப் பின்தொடர்வது? 1899 போட்டியின்போது மார்க்கோனி கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் நியூயார்க் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினார். இன்றைய நேரலைக்கு அது ஒரு முன்னோடி.

லிப்டனே ஒரு வகையில் ரசிகர்தான். பந்தயப் படகின் சுக்கானை அவர் பிடிக்கவில்லை. 'எரின்' என்ற தன் நீராவிக் கப்பலில் நின்று பார்த்தார். தோற்றபோது குறை சொல்லாமல், ஜெயித்தவர்களைப் பாராட்டினார். 1930 தோல்விக்குப் பிறகு அமெரிக்க மக்கள் பணம் திரட்டி, அவருக்குத் தங்கக் கோப்பை ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். ஒதுக்கி வைத்த கழகமும் 1931இல் அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவர் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவர், சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகருக்கு விட்டுச் சென்றார்.

கொழுந்து கிள்ளியவர்களுக்கு என்ன ஆனது?

1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர், பலர் பார்த்தே இராத இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்கள் குடியுரிமைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த மலைமுகடு இன்று லிப்டன் சீட் என்ற சுற்றுலாத் தலம். சுற்றியுள்ள சரிவுகளில் தமிழ்ப் பெண்கள் இன்னும் கொழுந்து கிள்ளுகிறார்கள்.

அவருக்குக் கிடைக்காத கோப்பையை 1983இல் ஆஸ்திரேலியா கைப்பற்றியது. 132 ஆண்டுகளுக்குப் பிறகு அது நியூயார்க்கை விட்டு வெளியேறியது.

நம்ம கெடாவிலும் பாய்மரப் பந்தயம் நடக்கிறது. ராயல் லங்காவி சர்வதேசப் போட்டி 2003இல் தொடங்கியது. அடுத்த முறை அந்தப் பாய்களைத் திரையில் பார்க்கும்போது, யார் முந்துகிறார் என்பதோடு, படகுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.